தொண்ணூறு போதும்

"நாப்பத்தொண்ணு வருஷமா சாதத்துலதான் சிக்கனம் பிடிச்சே. இப்போ என் தம்பி விடற மூச்சுலயுமா?"

காலைக் காப்பிக்கு முன்பே கோமதி தொடங்கிவிட்டாள். சென்னையிலிருந்து முந்தின நாள்தான் கரமனையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்திறங்கிய மூத்த நாத்தனார். சூடாமணி தன் கணவர் வெங்கடகிருஷ்ணனின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, அது காட்டிய தொண்ணூறை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

புகைத்துப் புகைத்துப் பாழான நுரையீரல் அவருக்கு. கட்டிலுக்குப் பின்னால் ஆக்சிஜன் மெஷின், நாளெல்லாம் மூக்கில் குழாய். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்தான், கூட்டவே கூடாது என்று டாக்டர் ரெம்யா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் சூடாமணி திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தாள். ஏன் கூட்டக்கூடாது என்று அவள் எத்தனை தரம் சொன்னாலும் அந்த வீட்டில் யார் காதிலும் ஏறியதில்லை.

"மெஷின்ல அஞ்சு வரைக்கும் இருக்கு, அக்கா. இவ ஒண்ணுலதான் வைப்பா," என்று வெங்கடகிருஷ்ணன் கோள் மூட்டினார். "காப்பியும் அப்படித்தான். ஒரே தண்ணி."

அரசாங்கத் தணிக்கை வேலையிலிருந்துதான் அவர் ஓய்வு பெற்றார். குறை கண்டுபிடிப்பதிலிருந்து பெறவில்லை.

"டாக்டர் சொன்னதாக்கும், அக்கா. அவருக்குத் தொண்ணூறு போதுமாம்."

"எழுபத்தாறு வயசு எனக்கு, தொண்ணூத்தெட்டு காட்டறது. என் கூடப் பொறந்தவனுக்கு மாத்திரம் தொண்ணூறு போதுமா? கேக்க நாதியில்லேன்னுதானே..." கோமதியின் முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

சூடாமணி துணி உலர்த்த மாடிக்குப் போன நேரம் பார்த்து, கோமதி பிளாஸ்திரியைப் பிய்த்துத் திருகை ஐந்தில் வைத்தாள். அரை மணியில் தொண்ணூற்றொன்பது. அதைப் படமெடுத்து, 'அக்கா வந்த ராசி' என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டாள். பெங்களூரிலிருந்து மகன் கேசவ் கட்டைவிரல் காட்டினான். மாடியிலிருந்து இறங்கி நேரே அடுப்படிக்குப் போன சூடாமணிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

பதினொன்றரைக்குச் சாப்பாடு. மோர்க்குழம்பை வாயில் வைத்த வெங்கடகிருஷ்ணன் மெல்லச் சிரித்தார்.

"நன்னாருக்கு, சூடாமணி."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நீயும் உக்காரேன். எத்தனை நேரம் நின்னுண்டே இருப்பே... பாவம்."

"பாத்தியா," என்றாள் கோமதி. "காத்து நெறையக் கிடைச்சா பிரியம் தானா வரது."

இந்த ஒரு வார்த்தைக்காகச் சூடாமணி எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்... இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் அவரை அவளுக்குத் தெரியும். சுகமாக இருக்கிற மனுஷன் இப்படிப் பேசமாட்டார். கையைத் தொட்டால் சுட்டது. விரல்கள் தானாக வெட்டி இழுத்தன, முகம் சிவந்து கண் செருகியிருந்தது. கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். திருகு ஐந்தில் இருந்தது.

அதை ஒன்றுக்கு இறக்கிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

"தொண்ணூத்தொம்பது இருக்கறவனை எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறே? அவன் நன்னா இருக்கறது பொறுக்கலியா நோக்கு?"

"நன்னா இல்லே, அக்கா. என்னைப் புகழறார்."

ஆஸ்பத்திரியில் அவர் மணிக்கட்டில் ரத்தம் எடுத்துச் சோதித்த டாக்டர் ரெம்யா நேராகக் கோமதியிடம் வந்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"அம்மே, விரல்ல மாட்டறது ஆக்சிஜன் மாத்ரம் காட்டும். கார்பன் டை ஆக்சைடு கூடினா அதுல தெரியாது. இவருக்கு ஆக்சிஜன் ஜாஸ்தி கொடுத்தா, வெளியே போக வேண்டிய காத்து ரத்தத்துலயே தங்கும். மயங்கிப் போனா பின்னே எழுந்திருக்கவே மாட்டார். இவருக்குத் தொண்ணூறு மதி, அது போதும். சூடாமணியம்மா கறக்ட் டைம்ல கொண்டுவந்தாங்க."

கோமதி பெஞ்சில் சரிந்தாள். "என் கையாலயே கொன்னிருப்பேனே... உன்னை என்னென்ன சொல்லிட்டேன்..."

"ஆசையிலே பண்ணினேள். அழாதேங்கோ," என்று சூடாமணி அவளை அணைத்துக்கொண்டாள். "பிளாஸ்திரியைப் பிச்சதுக்கு மாத்திரம் எனக்குக் கோபம் உண்டு." இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

முகத்தில் இறுக்கிய மாஸ்க் மெஷின், தங்கிய காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிற்று. சாயங்காலம் மாஸ்க்கைக் கழற்றியதும் கோமதி நடந்ததை எல்லாம் தம்பியிடம் ஒப்பித்தாள். தான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதற்கு மனைவி பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சூடாமணி," என்றார் மெதுவாக. "நீ அளந்து வெச்ச மூச்சுலதான் நான் இருக்கேன். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலே... தப்பு என் பேர்ல."

சூடாமணி பதறி எழுந்தாள்.

"சிஸ்டர், இவர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டார். ரத்தம் எடுத்துப் பாருங்கோ."

டாக்டர் ரெம்யாவே வந்துவிட்டார். வெங்கடகிருஷ்ணனை நீட்டச் சொன்ன கைகள் மத்தியானம் போல் ஆடவில்லை. ஆனாலும் சூடாமணி விடவில்லை, மறுபடி ஊசி குத்தத்தான் வேண்டியிருந்தது. சில நிமிஷத்தில் சோதனைச் சீட்டு வந்தது.

"கார்பன் டை ஆக்சைடு இறங்கியாச்சு, அம்மா," என்றார் டாக்டர். "ஆள் தெளிவா இருக்கார். சொன்னது ஸ்வபோதத்தோடதான், முழு நினைவோடதான்."

சூடாமணி அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கினாள். அதிலிருந்த எண்கள் ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. சீட்டைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆசை தீர அழுதாள்.