மூன்றாவது தட்டு

தியார்க் வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணிதான். அதற்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. நவம்பர் மூடுபனி கடற்கரையைத் தாண்டி வயலில் வந்து உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. கொட்டகைக் கதவைத் தள்ளியதும் ஈர வைக்கோலும் பழைய கிரீஸும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே அண்ணன் ஓக்கோவின் லாரி நின்றது. ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விற்ற லாரி. முன்னால் பச்சைப் பெயிண்ட் உரிந்த தலை, பின்னால் சக்கரங்களுக்கு மேல் வெறும் இரும்புச் சட்டமான சேஸ். சேஸுக்கு மேலே, உத்தரத்தில் மாட்டிய, பாரம் தூக்கும் செயின் பிளாக்கிலிருந்து, ஜன்னலும் கதவும் வைத்த ஒரு சின்ன வீடு நான்கு சங்கிலிகளில் தொங்கியது. அண்ணி கெஸா காலையிலேயே அதைத் தூக்கி வைத்திருந்தாள்.

"முதல்ல டீ," என்றாள் கெஸா.

"இருட்டறதுக்குள்ள இறக்கிடலாம் கெஸா. டீ எங்க ஓடிப்போகுது?"

"உக்காருடா. உங்கண்ணன்தான் அவசரப்படாதவன். நீ எப்படி இப்படிப் பொறந்தே?"

அந்தப் பக்கத்தில் டீ என்றால் மூன்று கோப்பை. இரண்டோடு எழுந்தால் வீட்டுக்காரியை அவமானப்படுத்தியதாக அர்த்தம். அவள் கற்கண்டைப் போட்டு ஊற்றும்போது தொங்கும் வீட்டின் பக்கம் திரும்பவே இல்லை. தியார்க் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். போன நவம்பரில், இதே கொட்டகையில், இதே வீட்டின் அடியில்தான் ஓக்கோ நசுங்கிச் செத்தான்.

ஓக்கோவும் கெஸாவும் மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டிய வீடு அது. ஓய்வு வாங்கியதும் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு நார்வேயின் வட முனைக்குப் போவதாகத் திட்டம். ராணுவ ஒர்க் ஷாப்பில் முப்பது வருடம் உழைத்த ஓக்கோவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. மேடு பள்ளத்தில் லாரியின் சேஸ் முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் வீட்டை இறுக்கி போல்ட் அடித்தால் ஒரே மாதத்தில் சுவர் கிழிந்துவிடும். அதனால் இடையில் ஸ்பிரிங் வேண்டும், ஒவ்வொன்றும் தன் இடத்தில் சரியாக உட்கார வேண்டும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அவன் சேஸுக்குள் புகுந்து, மல்லாந்து படுத்து, கையால் தடவிப் பார்ப்பான்.

செயின் பிளாக்கின் சுவிட்ச் இருக்கும் சுவரோரத்திலிருந்து பார்த்தால் அவன் தெரியமாட்டான். அதை ஓட்டும் ஜெனரேட்டரின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதற்காகவே ஒர்க் ஷாப் பழக்கத்தை அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். சுவிட்ச் பக்கம் நிற்பவர் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால், இறக்கப் போகிறேன். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டினால், நில், இன்னும் அடியில் இருக்கிறேன். மூன்று தட்டினால், வெளியே வந்துவிட்டேன்.

போலீஸிடம் கெஸா சொன்னாள்: மூன்று தட்டுக் கேட்டது, இறக்கினேன்.

எல்லோரும் நம்பினார்கள். ஓக்கோதான் அவசரத்தில் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஓக்கோ!

மூன்றாவது கோப்பை முடிந்ததும் தியார்க் வெளியே போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு வந்தான். இருவரும் சுவரோரம் நின்றார்கள். வீட்டுக்கு அடியில் ஆள் இல்லை. இருந்தாலும், பழக்க தோஷம், கெஸா சேஸில் ஒரு தட்டுத் தட்டினாள்.

டக். டக்.

பதில் அடியிலிருந்து வந்தது.

"நீயா தட்டினே?" தியார்க் அவள் காதருகே கேட்டான்.

அவள் தலையாட்டி மறுத்தாள். அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். ஸ்பிரிங்குகள், போல்ட் துளைகள், தரையில் அழிக்க முடியாமல் போன ஒரு கறை. வேறொன்றும் இல்லை.

"இரும்பு குளிர்ல சுருங்குறதா இருக்கும். இன்னொரு தரம் தட்டு."

தட்டினாள்.

டக். டக்.

தியார்க்குக்கு வேர்த்துவிட்டது. கெஸா அழ ஆரம்பித்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் தியார்க். ரெண்டுதான்."

"மூணுன்னுதானே சொன்னே?"

"மூணு கேட்டுச்சு. சத்தியமா கேட்டுச்சு. இறக்கினேன். அப்புறம் பாத்தா..." அவள் சுவரில் கொக்கியில் தொங்கிய பெரிய ஸ்பானரைக் காட்டினாள். "அது என் காலடியில கிடந்துச்சு. என் முழங்கை பட்டு விழுந்திருக்கு. மூணாவது சத்தம் அதோடது. போலீஸ் வர்றதுக்குள்ள எடுத்து மாட்டிட்டேன். அவன் நில்லுன்னு சொன்னான்டா. நான் நிக்கல. செத்தவன் தலையில பழியப் போட்டுட்டேன்."

தியார்க் அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான். ஜெனரேட்டர் அணைந்தது. கொட்டகையில் சத்தம் செத்தது. பனிக்குள்ளே, தியார்க் விசும்புவது மட்டும் கேட்டது.

கெஸா சேஸைப் பிடித்து ஏறினாள், உள்ளே நுழைந்தாள், ஓக்கோ படுத்த இடத்தில் மல்லாந்து படுத்தாள். முகத்துக்கு ஒரு முழம் மேலே வீட்டின் அடித்தளம். இரும்பின் குளிர் முதுகுக்குள் இறங்கியது. கடைசியாக அவன் பார்த்தது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது கிரீஸ் வாடையை மீறி அவனுடைய புகையிலை மணத்தது.

டக்.

ஒரே ஒரு தட்டு. சுவிட்ச் பக்கத்திலிருந்து.

இறக்கப் போகிறேன்.

அவளுக்கு ரத்தம் உறைந்தது. முஷ்டியை மடக்கி இரும்பில் குத்தினாள். ஒன்று. இரண்டு.

மேலே ஒரு சங்கிலி லேசாகக் கிறீச்சிட்டது.

பிறகு ஒன்றும் இல்லை.

வீடு அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ தெரியாது. யாரோ சுவரோரம் நிற்பது மட்டும் தெரிந்தது, அவசரமே இல்லாமல், கால் மாற்றி கால் மாற்றி நிற்கும் அந்த ஆளை அவளுக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரியும். அவள் அன்று செய்யாததை, இரண்டு தட்டுக்கு நிற்பதை, அவன் அவளுக்குச் செய்துகொண்டிருந்தான். அது புரிந்தபோது, இறக்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

தவழ்ந்து வெளியே வந்தாள். சுவரோரம் யாரும் இல்லை. சேஸில் மூன்று தட்டினாள்.

செயின் பிளாக் ஓடியது. அங்குலம் அங்குலமாக, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதத்தில் வீடு இறங்கி, ஸ்பிரிங்குகளின் மேல் அலுங்காமல் உட்கார்ந்தது.

வாசலில் தியார்க் நின்றிருந்தான்.

"கெஸா," என்று கிசுகிசுத்தான், "நான் ஜெனரேட்டர நிறுத்திட்டேனே..."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. மண்டி போட்டு, கன்னத்தை இரும்பில் வைத்து, ஒரு தட்டுத் தட்டினாள். "என்னை வெளிய விட்டுட்டே இல்ல? நீயும் வாடா ஓக்கோ. வெளிய வா. கிளம்பலாம்."

டக். டக்.

தியார்க் மறுநாள் அவளோடு போலீஸ் நிலையம் போனான். ஸ்பானர் கதையை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள், பிறகு விபத்துதான் என்று அனுப்பிவிட்டார்கள். தியார்க் போல்ட்டுகளை முடுக்கிக்கொடுத்தான். நம்பர் பிளேட்டும் வந்துவிட்டது. வசந்தம் போய், கோடையும் போய்விட்டது. லாரி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது.

சுவரில் இப்போது ஒரு ஆணிகூட இல்லை. ஸ்பானர், கொக்கி, வாளி, தொங்குகிற, விழக்கூடிய எல்லாவற்றையும் கெஸா அப்புறப்படுத்திவிட்டாள். இனி வேறெந்தச் சத்தமும் அவளை ஏமாற்றக் கூடாது.

தினமும் மூன்று கோப்பை டீயும் குடித்த பிறகு அவள் கொட்டகைக்குப் போகிறாள். சேஸில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். அடியிலிருந்து இரண்டு வருகிறது.

லாரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மூன்றாவதற்காக நிற்கிறாள்.