மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில்

ராஜபாளையத்தில் ஆஷிகாவின் தெருவில் இருந்த சிறிய ஆலயத்தைச் சனிக்கிழமைதோறும் ஒரு குடும்பம் பெருக்க வேண்டும். இந்த வாரம் ஆஷிகா வீட்டு முறை. அம்மாவுக்குத் தையல் வேலை இருந்தது. அதனால் ஆஷிகாவும் தம்பி எபி என்கிற எபனேசரும் ஆளுக்கொரு விளக்குமாற்றோடு வந்திருந்தார்கள்.

எபி வாசற்படியைத் தாண்டவில்லை.

“உள்ள வாலே.”

“அந்தப் போட்டோ இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நான் வரல.”

போன மாதம் ஆலயத்துப் பழைய பீரோவில் கிடைத்து, சுவரில் மாட்டிய போட்டோ அது. அறுபது வருடங்களுக்கு முன் இங்கே தீப்பிடித்து அணைந்த பிறகு எடுத்தது. சுவரெல்லாம் கரி. தரையெல்லாம் சாம்பல். கூரையில் இருந்த ஒரு பொத்தல் வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம். மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஓர் உருவம் குனிந்து நின்றது.

அதற்கு முகம் இல்லை.

தீயில் யாரும் சாகவில்லை என்று சாவி வைத்திருக்கும் இன்பம் மாமா சொல்லியிருந்தார். “அப்ப இது யாரு?” என்று எபி கேட்டான். அவர் கதவைப் பூட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து எபிக்குப் பயம்.

நாளை ஆராதனையில் எபி முதல்முறையாக வேதபாடம் வாசிக்கப்போகிறான். இரண்டு வாரமாகப் படித்துப் படித்து அது மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் நின்று வாசிக்க வேண்டிய இடம் அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே.

சர்... சர்...

ஆள் இல்லாத ஆலயத்துக்குள் யாரோ பெருக்குவதுபோலச் சத்தம் கேட்டது.

“வேப்பங்கிளைதான். ஓட்டுல உரசுது,” என்றாள் ஆஷிகா. சொல்லிவிட்டு ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

அவள் போட்டோவின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“ஏலே எபி, கிறிஸ்துமஸ் ராத்திரி உன்னைய போன்ல எடுத்தோம்லா. அதுல உனக்கும்தான் மூஞ்சி இல்ல.”

“நான் ஆடிக்கிட்டுல்லா இருந்தேன். வெளிச்சமும் இல்ல.”

“இவியளும் அசைஞ்சிருப்பாவ.”

போட்டோவைக் கழற்றி வாசற்படிக்குக் கொண்டுவந்தாள். பின்பக்கம் நீல மையில் ‘சனிக்கிழமை’ என்று எழுதியிருந்தது.

எபி ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

“அக்கா, இந்த எடத்துல மட்டும் சாம்பல் இல்ல.”

வாசலில் தொடங்கி அந்த உருவத்தின் கால்வரை தரை ஒரு பட்டையாகச் சுத்தமாக இருந்தது.

எபி அந்தப் பட்டையின் மேல் விரலை ஓட்டினான்.

“அம்புட்டு சாம்பலையும் தனியாவா பெருக்குனாவ?” என்றான் எபி.

“அன்னைக்கு அவிய முறையா இருந்திருக்கும்.”

“போட்டோ எடுக்கும்போதாவது செத்த நேரம் நின்னுருக்கலாம்.”

“நீ நின்னியாக்கும்.”

எபி சிரித்துவிட்டான். அவனே படியேறி உள்ளே வந்தான்.

“நேரா மாட்டுக்கா. நாளைக்கு நான் வாசிக்கத அவியளும் கேக்கணும்.”

அவன் விளக்குமாற்றை எடுத்தபோது மறுபடியும் கேட்டது. சர்... சர்...

எபி ஓர் அடி பின்வாங்கினான். பிறகு காலி பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்னான்:

“இன்னைக்கு எங்க முறை. நீங்க செத்த நேரம் உக்காருங்க.”

சத்தம் நின்றது.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்றுதான் நின்றிருக்கும். ஆனால் இருவரும் அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும், யார் காலிலும் விளக்குமாறு பட்டுவிடாதபடி எபி மெதுவாகப் பெருக்கினான்.