பாலகுமார் பக்கம்

லேப்டாப்பில் மணி மதியம் பன்னிரண்டே கால் என்றிருந்தது. வெளியே கரடியூர் இருட்டிக்கொண்டு வந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்தே முக்கால் என்றது. ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். நேற்றும் சுதாராணி மணியைச் சரிசெய்துவிட்டுத்தான் மூடி வைத்திருந்தாள். என்ன எழவோ என்று அலுத்துக்கொண்டு, ஏற்காட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கிறிஸ்துதாசுக்குப் போன் போட்டாள்.

அது அவள் கணவன் பாலகுமாரின் லேப்டாப். கிறிஸ்துதாசின் கடையில்தான் அவன் ரிப்பேர் வேலை பார்த்தான். எல்லாரும் வைத்திருக்கும் விண்டோஸைத் தொடமாட்டான், லினக்ஸ்தான் வேண்டும், அப்படி ஒரு வீம்பு. மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். பிறகு எஸ்டேட் ஆபீஸில் அவளுக்குச் சம்பளக் கணக்குப் போடும் வேலை கிடைத்தது. அதற்கு விண்டோஸ் வேண்டும். "பழசை அழிச்சுட்டுப் போட்டா சுளுவுங்க" என்றார் கிறிஸ்துதாஸ். அவள் அழுத அழுகையைப் பார்த்து மனசு கேட்காமல், பாலகுமாரின் பக்கத்தை அப்படியே விட்டு, மிச்ச இடத்தில் விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார். ஆன் செய்தால் இரண்டு பெயர் வரும். உடனே கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் அவள் பக்கம். சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் அவன் பக்கம் தானாகத் திறந்துகொள்ளும்.

"அது ரிப்பேர் இல்லீங்க" என்றார் கிறிஸ்துதாஸ். "ரெண்டும் மணியை ரெண்டு விதமா எழுதி வெக்கும். பாலு பக்கத்தைத் திறந்துட்டு உங்க பக்கம் வந்தா அஞ்சரை மணி நேரம் பின்னால காட்டும். அதைத் திறக்காதீங்க."

"நான் திறக்கவே இல்லீங்கண்ணா."

"திறக்காம மாறாதுங்களே."

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் திறப்பதற்கு? "வீட்டுல நான் ஒருத்திதாங்கண்ணா. பயமா இருக்குது" என்றாள்.

"நொம்பப் பயமா இருந்தா சொல்லுங்க. நாளைக்கு வந்து அந்தப் பக்கத்தை அழிச்சுடறேன்."

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள். அவனை இன்னொரு தடவை எரிக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

மணியைச் சரிசெய்து, லேப்டாப்பை அணைத்து மூடிவைத்துவிட்டுக் காபி போடப் போனாள். இரண்டு டம்ளர். கருமாதி முடிந்து அடிவாரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பும்போதே மாமியார் கிருஷ்ணம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இனிமே அவனுக்குன்னு எதுவும் வெக்காத கண்ணு. போனவன் போற வழியப் பாக்கட்டும்." ஆனால் ஒற்றை டம்ளர் காபி போட அவளுக்குக் கை வரவில்லை. தினமும் அவனுடையதை லேப்டாப் பக்கத்தில் வைப்பாள். காலையில் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவாள். கடைசியாக இன்று ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டு, கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அடுப்படியில் பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து அந்தச் சின்ன இரைச்சல் கேட்டது. லேப்டாப்பின் விசிறி. கூடவே பெட்ரோல் வாசம், ஈரச் செம்மண் வாசம், காயாத காப்பிக்கொட்டைத் தோலின் புளிச்ச வாசம்.

எட்டிப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது.

திரையில் அவன் பெயர். கீழே பாஸ்வேர்ட் கட்டம். கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் கீபோர்டில் ஒரு கட்டை தானாக அமுங்கியது. அமுங்கிய கட்டையில் ஈரச் சேறு.

தவறு என்றது திரை. புள்ளிகள் அழிந்தன. மறுபடி ஒன்று. மறுபடி தவறு.

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் பயத்தைத் தள்ளிக்கொண்டு அழுகை முந்திவந்தது. தினமும் வந்து, தினமும் திறக்க முடியாமல் திரும்பியிருக்கிறான். அவன் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியும். அவள் பெயர்தான் அது.

அதைக்கூட மறந்துவிட்டானே.

நாளைக்கு இந்தப் பக்கம் இருக்காது. கிட்டே போனாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அடித்தாள். எண்டரைத் தட்டினாள்.

திறந்தது. ஏற்காடு ஏரியில் படகில் இருவரும் சிரிக்கும் படம்.

"நான் சுதாங்க" என்றாள். "உங்க சுதாங்க."

காபி டம்ளர் காலியாக இருந்தது.

கட்டைகள் மேலிருந்த அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரம். சில்லிப்பு. மூன்றே விரல். ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்த உடம்பில், விரல்கள் சிதைந்து அவள் பார்த்த அதே கை.

இழுத்தாள். விடவில்லை.

அது அவள் விரல்களை அமுக்கியது. திரையில் எழுதுவதற்கு வெற்றுத் தாள் ஒன்று திறந்தது. அவள் விரல்களாலேயே எழுத்துகள் விழுந்தன.

யாரு நீ?

பிடி இறுகியது.