அடங்காத கொப்புளம்

மனித குலம் கிருமிகளை முற்றிலுமாக வென்றுவிட்டது என்று செவ்வாய்க் குடியேற்றத்தின் நுழைவாயிலில் கருங்கல்லில் பொறித்திருந்தார்கள். பொறித்த சிற்பிக்கு விரலில் சீழ் பிடித்துவிட்டதால் கடைசிச் சொல் இன்னும் அரைகுறையாக நிற்கிறது.

தோலில் குடியிருக்கும் ஸ்டாஃப் கிருமி, பயணச்சீட்டு வாங்காமலே பூமியிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. சாதாரண ஸ்டாஃப் என்றால் மாத்திரை. மாத்திரைக்கு அடங்காத ஸ்டாஃப் என்றால் விழுங்கி. கிருமிக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதை வெடிக்கச் செய்யும் நுண்மி அது. ஒவ்வொரு அடங்காத கிருமிக்கும் தனி விழுங்கியைத் தேடிப் பிடித்து வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்த விழுங்கிக்கு நோயாளியின் பெயரையே வைப்பது அங்கே வழக்கம். காலையில் காற்றழுத்த நிலவரத்துக்கும் தண்ணீர்ப் பங்கீட்டுக்கும் நடுவில், யாருடைய கொப்புளம் பெயர் பெற்றது என்று ஒலிபெருக்கி சொல்லும். ஜனங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். தெருவோ சிலையோ இல்லாத ஊரில் பெயர் நிலைக்க வேறு வழியில்லை.

காற்று வடிகட்டித் துறையின் துணைக் கண்காணிப்பாளர் பரமகுருவுக்கு அந்த அறிவிப்பு சில மாதங்களாகவே வயிற்றெரிச்சலாக இருந்தது. மனைவி திலகவதியின் அக்காள் கணவர், அதாவது அவருடைய சகலை தெய்வசிகாமணி, கழுத்துக் கொப்புளம் ஒன்றால் பெயர் பெற்றுவிட்டார். அதிலிருந்து மனிதர் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதில்லை. மாமனார் விருந்தினருக்கு அறிமுகம் செய்யும்போது, "இவர் பெரிய மாப்பிள்ளை. எந்த மருந்துக்கும் மசியாதவர்" என்பார். பிறகு, "இவர் சின்னவர்" என்பார். அவ்வளவுதான்.

ஆகவே தனக்கும் ஒரு கொப்புளம் கிளம்பியபோது பரமகுரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு மருத்துவக் கூடத்துக்குப் போனார்.

டாக்டர் நப்பின்னை சோதனை முடிவைப் பார்த்தார். "சாதாரண ஸ்டாஃப்தான். ஒரு வாரம் மாத்திரை சாப்பிடுங்க, போயிடும்."

"இன்னொரு தடவை பாத்துடுங்களேன் டாக்டர்."

"நல்ல சேதிதானே சொன்னேன்? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

வீட்டில் திலகவதி மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். "அத்தானுக்கு வந்தது எப்படி வந்தது. உங்களுக்கு வர்ற வியாதிகூட சொன்ன பேச்சு கேக்குது."

பரமகுரு நேரே நூலக இயந்திரத்திடம் போனார். இருபத்தோராம் நூற்றாண்டு முன்னோர்கள் அடங்காத கிருமிகளை எப்படி வளர்த்தார்கள் என்று கேட்டார். அது மரியாதையாகவே விளக்கியது. வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தைப் பத்திரப்படுத்தி, தும்மல் வந்தால் ஒன்று, உடம்பு அசதியாக இருந்தால் பாதி என்று போட வேண்டும். டாக்டரிடம் போகாமல் மருந்துக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

பரமகுருவின் கண் கலங்கியது. பேரும் புகழும் எதிர்பாராமல் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள்!

அவரும் செய்தார். கொப்புளம் முதலில் தணிந்தது. பிறகு பழையபடி வீங்கியது. இன்னும் பாதி மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் ஏறியது. பார்க்க வந்த தெய்வசிகாமணி வாசலிலேயே நின்றார்.

"என்ன சகலை, மருந்து ஒழுங்கா சாப்பிடறீங்களா? நான் ஒரு வேளைகூட தவற விட்டதில்ல. அதையும் மீறித்தான் எனக்கு வந்துது. சும்மா இல்ல."

"பாத்துக்கறேன். நீங்க பொத்தானப் போட்டுக்குங்க, காத்து படும்."

அவர் போனதும் பரமகுரு அடுத்த மாத்திரையைக் காலாக ஒடித்தார்.

அந்த வாரக் கடைசியில் வடிகட்டி அறையில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிவந்தார்கள். "ரத்தத்துல கலந்துடுச்சு. எந்த மருந்துக்கும் கேக்கல" என்றார் நப்பின்னை. காய்ச்சல் நடுக்கத்திலும் பரமகுரு சிரித்தார். ஒலிபெருக்கியில் முழு விவரமும் சொல்லலாம், இந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறமாட்டேன் என்று கைரேகை வைத்தார்.

"பேர் வைக்கட்டும். ஆள் இருக்கணுமே டாக்டர்" என்று திலகவதி அழுதாள். "விழுங்கி கிடைக்கலேன்னா?"

நப்பின்னை ஆய்வறைக்கு ஓடினார். சற்று நேரத்தில் ஊசியோடு திரும்பினார்.

"அதுக்குள்ள வளத்துட்டீங்களா?" என்றார் பரமகுரு, குரல் எழும்பாமல்.

"வளக்கல. ஃப்ரிட்ஜ்ல அடித்தட்டுல கிடந்தது. உங்க கிருமி புதுசு இல்லைங்க, பூமியோட பழைய கிருமி. அந்தக் காலத்துல கோடிக்கணக்கான பேர் இதே மாதிரி செஞ்சு இதையேதான் உண்டாக்கியிருக்காங்க."

"அப்போ... பேரு?"

"அத்தனை பேர்ல யார் பேரை வைக்கிறது? பொதுன்னு எழுதி ஒட்டியிருக்கு."

ஊசி இறங்கியது. விடிவதற்குள் காய்ச்சலும் இறங்கியது. திலகவதி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டு முடித்ததும் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தெய்வசிகாமணி கட்டிலருகே உட்கார்ந்து, "உயிர் பொழச்சுதே சகலை, பேர் கிடக்குது பேர்" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதி உயிரைப் பற்றியது மட்டும் அல்ல.

சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாதாகையால், அன்று காலை ஒலிபெருக்கி முழு விவரத்தையும் வாசித்தது. கொப்புளம் இடது பிட்டத்தில் இருந்தது.