தண்ணீர் நிற்கும்வரை

வாஸிலிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் அட்சாக்கை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அட்சாக்குக்குப் பத்து வயது.

வடக்கே பனி நாட்டில் ஓடும் எங்கள் குஸ்கொக்விம் ஆற்றங்கரையில் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். வாஸிலியின் அம்மா பெயர் அட்சாக். அவர் இறந்த பிறகு ஊரில் முதலில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்த மாதிரிதான். அதனால் வாஸிலி கடைக்குப் போனால் அம்மாவுக்கு ஒரு ஆப்பிள் வாங்குவார். பனி தொடங்கினால் அம்மாவுக்குக் கையுறை கொண்டுவருவார்.

அட்சாக்கும் அவரை "மகனே" என்று கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டதில்லை. வாஸிலி உள்ளே வந்தால் அவர் தலை கதவு நிலையில் இடிக்கும். அவ்வளவு பெரிய மகனைக் கூப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

போன செப்டம்பரில் வாஸிலி தன் படகை ஒரு மணல் திட்டில் ஏற்றிவிட்டார். அட்சாக்கின் அப்பா யாக்கோ அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் படகு ரேடியோவைக் கையில் எடுத்தார்.

"வாஸிலி அண்ணன் கண்ணைக் கழட்டி சட்டைப் பையில வச்சுட்டு ஓட்டுறாரு!"

ரேடியோவில் ஒருவர் பேசினால் ஆறு முழுவதும் கேட்கும். ஆறு முழுவதும் சிரித்தது.

அதன்பிறகு வாஸிலி அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆப்பிள் மட்டும் வந்தது, கடைக்காரம்மாவின் கையில்.

இப்போது ஜூன் மாதம். இன்று காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை சால்மன் பிடிக்க அனுமதி உண்டு. அடுத்த அனுமதி எப்போது என்று தெரியாது. மீன் முகாமில் அட்சாக்கின் அம்மா அகாஃபியா கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மீன் காயப்போடும் கம்புகள் வெறுமையாக நின்றன.

ஆற்றில் அப்பா வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே இறக்கினார். வெள்ளை மிதவைகள் வரிசையாக நீரில் விழுந்தன. மோட்டாரை நிறுத்தினார். படகும் வலையும் கடலை நோக்கி மெல்ல மிதந்து போயின.

"மிதவையைப் பாத்துக்கிட்டே இரு. எது முங்குதோ அதுல மீன்."

"தெரியும்ப்பா."

"தெரியும்னு சொல்லிட்டு மேகத்தைப் பாக்குற."

அவள் உண்மையில் ஆற்றின் நடுவிலிருந்த மணல் திட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு அந்த மணல் திட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி, வால் பக்கத்தில் மறுபடி சேரும். திட்டின் அந்தப் பக்கம், புதர்களுக்கு மேலே, ஒரு தொப்பி நகர்ந்து வந்தது.

"அப்பா, அந்தப் பக்கத்துல யாரோ வர்றாங்க."

அப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் திட்டு முடிந்துவிட்டது. இரண்டு ஓட்டங்களும் சேர்ந்தன. இரண்டு வலைகளும் சேர்ந்தன. அதோடு நிற்காமல், நீருக்கடியில் கிடந்த ஒரு மரத்தில் போய் மாட்டிக்கொண்டன. தொப்பிக்குக் கீழே வாஸிலி இருந்தார்.

இருவரும் அவரவர் வலையைப் பிடித்து இழுத்தார்கள். படகுகள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று இடித்தன. நடுவில் வலைகள் ஒரே முடிச்சாகக் கிடந்தன. கடலுக்கு ஓடும் தண்ணீர் அதை மரத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது.

வாஸிலி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். அப்பாவும் எடுத்தார்.

"அம்மா," என்றார் வாஸிலி, அட்சாக்கைப் பார்த்து. "உங்கப்பாகிட்ட சொல்லு. அவர் வலைதான் என் வலை மேல விழுந்துச்சு. அவர் வலையை வெட்டச் சொல்லு."

"அட்சாக், அவர்கிட்ட சொல்லு. மேல கிடக்கிறது அவரோடது."

"மணி மூணாச்சுன்னும் சொல்லு, அம்மா. ஆறு மணிக்கு முடிஞ்சுடும்."

"என்கிட்டயும் கடிகாரம் இருக்குன்னு சொல்லு."

அட்சாக் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

அவர்களிடம் இருப்பது இந்த ஒரு வலைதான். நடுவில் வெட்டினால் அதைத் தைத்து முடிப்பதற்குள் சால்மன் கூட்டம் மேலே போய்விடும். கம்புகள் குளிர்காலம் வரை வெறுமையாகவே நிற்கும். வாஸிலிக்கும் அதே கதிதான்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு சுள்ளி படகைத் தாண்டிப் போனது. மதியம் இப்படி ஒரு சுள்ளி கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்தது. இது சோம்பலாகப் போனது. கரையில் ஈரச் சேறு அவள் உயரத்துக்குத் தெரிந்தது. கடல் வற்றம் முடியப் போகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் நிற்கும். பிறகு கடல் அதை ஆற்றுக்குள் திருப்பித் தள்ளும்.

"தண்ணி நின்னா முடிச்சு தளரும்," என்றாள். "காத்திருக்கலாம்."

"ஒரு மணி நேரமா?" என்றார் அப்பா.

"ஒரு மணி நேரமா?" என்றார் வாஸிலியும்.

தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? இருவரும் அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த ஆற்றில் இருப்பவர்கள். ஒரு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கத்தான் அவர்களால் முடியவில்லை. அதற்கு வலையை வெட்டுவது சுலபமாக இருந்தது.

வாஸிலி கத்தியை வலைமேல் வைத்தார்.

"மகனே," என்றாள் அட்சாக்.

குரல் மெல்லியதாகத்தான் வந்தது. வாஸிலியின் கை அப்படியே நின்றது. அவர் மூக்கின்மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. அதைக்கூட அவர் விரட்டவில்லை.

"மகனே, கத்தியைக் குடு."

அவர் கத்தியை மெதுவாக மடக்கினார். அதை அவளிடம் நீட்டினார்.

அப்பா சிரிப்பை அடக்கினார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் குடுங்கப்பா."

"நான் உன் மகன் இல்லையே!"

"இல்லதான். ஆனா உங்க கத்தி மட்டும் வெளிய இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்?"

அப்பா யோசித்தார். கத்தியை மடக்கிக் கொடுத்தார். இரண்டையும் அவள் தன் சட்டையின் வயிற்றுப் பைக்குள் போட்டாள். நங்கூரத்தை இறக்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஒரு வாத்து பறந்து போனது. அப்பா தன் காலணியைப் பார்த்தார். வாஸிலி தன் காலணியைப் பார்த்தார். இரண்டு ஜோடியும் ஒரே மாதிரி ரப்பர் காலணிகள். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அட்சாக் ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். ஒரு கோப்பையை மகனிடம் கொடுத்தாள். இன்னொன்றை அப்பாவிடம் கொடுத்தாள். தண்ணீர் படகின் அடியில் சளசளவென்று பேசிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கும் சேர்த்து அதுவே பேசியது போலிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"மகனே, நான் எப்படி இருந்தேன்?"

வாஸிலி நிமிர்ந்தார்.

"நீயா? குள்ளமா இருப்ப. கத்தவே மாட்ட. தப்பு பண்ணினா சும்மா பாத்துக்கிட்டே இருப்ப. ரெண்டு அடி குடுத்தாத் தேவலைன்னு இருக்கும்."

"எனக்கு குடுத்தாங்க," என்றார் அப்பா, தண்ணீரைப் பார்த்தபடி.

"எப்ப?" என்றார் வாஸிலி.

ஒன்பது மாதத்தில் அவர் யாக்கோவிடம் நேராகப் பேசிய முதல் சொல் அதுதான். அது அவருக்கே தெரியவில்லை.

"எட்டு வயசுல. உங்க வீட்டுல காய்ஞ்ச மீன்ல ஒரு துண்டை எடுத்துட்டேன். துடுப்பால முதுகுல ஒண்ணு."

"எங்கம்மா யாரையும் அடிக்க மாட்டாங்க."

"என் முதுகைக் கேளுங்கண்ணே."

"நானாப்பா அடிச்சேன்?" என்றாள் அட்சாக்.

"நீயேதான்."

"வலிச்சுதா?"

"அப்புறம் கூப்பிட்டு ஒரு முழு மீனே குடுத்தீங்க. வலி எங்க போச்சுன்னு தெரியல."

வாஸிலியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அட்சாக் பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி அமைதி. ஆனால் இது வேறு மாதிரி அமைதி. இதில் உட்கார முடிந்தது.

"அண்ணே," என்றார் அப்பா. "அந்த ரேடியோவுல சொன்னது... அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

வாஸிலி கடைசி வாய்த் தேநீரைக் குடித்தார்.

"எனக்கே அப்புறம் சிரிப்பு வந்துச்சு."

"எப்ப?"

"மார்ச்சுல."

"அப்பவே வந்திருக்கலாமே?"

"எப்படிப்பா வர்றது? சிரிச்சுக்கிட்டேவா வர்றது?"

அட்சாக் அப்போதுதான் கவனித்தாள். சளசளப்பு நின்றிருந்தது. மிதவைகள் தொய்ந்து, போட்டது போட்டபடி கிடந்தன. சுள்ளி ஒன்று போகவும் தெரியாமல் வரவும் தெரியாமல் நின்றது.

"தண்ணி நின்னுடுச்சு!"

மூவரும் எழுந்தார்கள். இப்போது வலை சொன்னபடி கேட்டது. அப்பா மேலே தூக்க, வாஸிலி கீழே கையை விட்டு மரக்கிளையிலிருந்து அதை விடுவித்தார். அட்சாக் சின்ன விரல்களால் ஒவ்வொரு சிக்காகப் பிரித்தாள். இரண்டு மூன்று கண்ணிகள்தான் அறுந்திருந்தன.

நடுவில் ஒரு கொழுத்த சால்மன், இரண்டு வலையிலும் சேர்த்து மாட்டியிருந்தது.

"உங்களோடதுண்ணே."

"உன் வலையிலதான் தலை இருக்கு."

"வால் உங்க வலையில."

"எடுத்துக்கோங்கிறேன்ல!"

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க," என்று அட்சாக் மீனை எடுத்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டாள். "இது எனக்கு."

தண்ணீர் மெல்ல ஆற்றுக்குள் திரும்ப ஆரம்பித்தது. அனுமதி முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கத்திகளைத் திருப்பிக் கொடுத்தாள். வாஸிலியின் படகில் மிதவை பார்க்க ஆள் இல்லை. அதனால் அவள் அங்கே தாவிக்கொண்டாள். ஒரு வலை முன்னே, ஒரு வலை பின்னே, போதிய இடைவெளி விட்டு மிதந்து போயின. மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாக முங்கின.

ஆறு மணிக்கு இரண்டு படகுகளும் முகாமுக்கு வந்தன. இரண்டு தொட்டியிலும் மீன் பளபளத்தது. அகாஃபியா கரையில் நின்று வாஸிலியைப் பார்த்தாள், யாக்கோவைப் பார்த்தாள், கிழியாத வலைகளைப் பார்த்தாள்.

"ரேடியோவுல சொன்னாங்க, திட்டுப் பக்கமே ரொம்ப நேரம் நின்னீங்களாமே? என்னதான் பண்ணீங்க அங்க?"

"சும்மா உக்காந்திருந்தோம்மா," என்றாள் அட்சாக், தன் மீனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு. "அதுவே பெரிய வேலையா இருந்துச்சு."