நாற்பத்திரண்டாவது சோதனை

அவள் எழுதியது நாற்பத்தொரு சோதனைகள். திரையில் நாற்பத்திரண்டு என்று இருந்தது.

எண்ணும்போது கோட்டை விட்டிருப்போம் என்று தலையைச் சொறிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளில்லாத அலுவலகத்தில் ஏசியின் முனகலும், யாரோ கழுவாமல் வைத்துப்போன காபிக் கோப்பையின் புளித்த வாடையும்தான் துணை. வீட்டுப் பூட்டையும் கேமராவையும் இணையத்தில் இயக்கும் தளம் ஒன்றைச் சோதிப்பது அவள் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால், வெளியே எதையும் காட்டாமலேயே பிரவுசர் உள்ளுக்குள் ஓடி, எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்துவிடும். சோதிக்கத் தனி வீடு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தன் வீட்டுக் கணக்கையே கொடுத்திருந்தாள். ஒரு சோதனை தோற்றால் ஜெயிக்கும்வரை திரும்ப ஓடு என்றும் எழுதி வைத்திருந்தாள். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

நாற்பத்தொன்றும் பச்சை. கடைசி மட்டும் சிவப்பு.

'வீட்டில் பத்து விநாடி குரல் கேட்கக் கூடாது. கேட்டது: பாட்டு. தோல்வி.'

தோற்கும்போதெல்லாம் ஒரு படம் பதிவாகும். திறந்தாள். அவள் வீட்டுச் சமையலறை. பாடத் திறந்த வாயோடு தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வாசல் கதவு திறந்து கிடந்தது.

பதறிப்போய் ஃபோன் போட்டாள்.

"கை ஈரமா இருக்குக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஏன்க்கா, கதவு தானா தெறந்து... யாரு அது?"

சதையில் ஏதோ இறங்கும் சத்தம். தங்கை அலறினாள்.

தோல்வி. மறுபடி ஓடுகிறது.

இரண்டாவது படம். தரையில் தங்கை. முழங்கை தப்பான பக்கம் மடங்கியிருந்தது. மேலே ஓங்கிய சுத்தியல். பிடித்திருந்த கை படத்தில் இல்லை.

நிறுத்தும் விசையைக் குத்தினாள். இணைய ஒயரைப் பிடுங்கினாள். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"பாப்பா! பாப்பா, பேசுடி!"

'கேட்டது: பாப்பா, பேசுடி. தோல்வி.'

ஃபோனில் எலும்பு நொறுங்கியது.

தங்கை வாயே திறக்கவில்லை. அங்கே ஸ்பீக்கரில் கேட்டது இவள் குரல். இந்த அடி இவளால் விழுந்தது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் பல் இறங்கியது. ரத்தம் உப்புக் கரித்தது. அழுகையை விழுங்கினாள்.

திரையில் விநாடிகள் ஏறின. ஐந்து. ஆறு.

ஃபோனில் மெல்லிய மூச்சு. உயிர் இருக்கிறது.

பேசாதே, கண்ணு. பேசாதே.

எட்டு.

ஒன்பது.

"அக்கா... லைன்ல இருக்கியா?"

திரை சிவந்தது.

மறுபடி ஓடுகிறது.