அப்பாவின் வண்டியில் காய்ந்த சேறு

அப்பா இறந்து எட்டு மாதமாகியும் அவருடைய 'மெசா' ரக மோட்டார் சைக்கிளை யாரும் கழுவவில்லை. கடைசியாக மலைப்பாதையில் போய்வந்த சேறு அதில் காய்ந்து கிடந்தது. அதைக் கழுவ அம்மா லோரேனுக்கு மனம் வரவில்லை.

இன்று அமெரிக்காவின் மொன்டானாவில் மெசா வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அப்பாவின் நினைவாக மலைக் கணவாய் வரை போகிறார்கள். முன்னால் போக வேண்டியது அவருடைய வண்டி. ஓட்டப்போவது அம்மா, பின்னால் பதினோரு வயது டெஸ்ஸா.

வண்டி உறுமியது. கியர் போட்டதும் அணைந்தது. மூன்று தடவையும் அப்படியே.

அப்பாவின் நண்பர் வெர்ன் ஓடிவந்தார். முதன்முதலில் வந்த மெசா மாடலையே முப்பது வருடமாக ஓட்டுகிறவர் அவர். டாங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"பெட்ரோல் குழாயைத் திறந்தியாம்மா? எங்க அதைக் காணோம்?"

"இது மூணாவது மாடல், வெர்ன். இதுல திறந்து மூடுற குழாயே கிடையாது, பெட்ரோல் தானா வரும்."

"குழாய் இல்லாதது எல்லாம் ஒரு வண்டியா!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"டிரக்ல ஏத்திடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

டெஸ்ஸா பின்சீட்டிலிருந்து குதித்து இறங்கினாள். அப்பாவின் வண்டி மூட்டை மாதிரி டிரக்கில் போவதா? அவள் அப்பா வண்டிக்கும் பக்கத்தில் நின்ற வெர்னின் வண்டிக்கும் நடுவில் குந்தி, மாறி மாறிப் பார்த்தாள்.

"வெர்ன் மாமா, அப்பா வண்டியில ஸ்டாண்டுக்கு ஒரு ஒயர் போகுது. உங்களுதுல இல்லையே?"

வெர்ன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா! ஸ்டாண்டை மடக்க மறந்துட்டு என்னை மாதிரி எத்தனை பேர் விழுந்தோம்! அதனாலதான் பின்னால வந்த மாடல்ல சுவிட்ச் வச்சாங்க. ஸ்டாண்டு கீழ இருந்தா, கியர் போட்டதும் இன்ஜின் நின்னுடும்."

"ஆனா ஸ்டாண்டு மேலதானே இருக்கு?"

ஒயர் போன வழியே டெஸ்ஸா விரலை நகர்த்தினாள். அது சேற்றுக் கட்டிக்குள் போய் மறைந்தது. ஸ்டாண்டை மடக்கியும் சுவிட்ச் அதற்குள்ளேயே சிக்கி, அசையாமல் நின்றது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகம் வெளுத்தது.

"அது உங்கப்பா ஓட்டினப்போ ஒட்டின சேறுடி."

"இந்த இடத்தை மட்டும் கழுவிக்கிறேம்மா. மத்ததைத் தொடமாட்டேன்."

 அம்மா தன் தண்ணீர் பாட்டிலை அவளே நீட்டினாள். டெஸ்ஸா மெதுவாக ஊற்றி, விரலால் தேய்த்தாள். சுவிட்ச் 'டக்'கென்று விடுபட்டது.

இந்தத் தடவை கியர் விழுந்தும் வண்டி அணையவில்லை. இருபது மெசாக்கள் பின்தொடர, அவர்கள் முன்னால் போனார்கள்.

கணவாய்க்குக் கீழே பனி உருகி, பாதையெல்லாம் சகதி. உச்சியில் வண்டியை விட்டு இறங்கியபோது பழைய சேற்றின் மேல் புதுச் சேறு அப்பியிருந்தது. எது அப்பாவுடையது, எது தங்களுடையது என்று தெரியவில்லை.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"வீட்டுக்குப் போனதும் ரெண்டு பேருமா கழுவிடலாம்டி," என்றாள்.